அவிழ்க்காத வாய்

1946 பிப்ரவரி 4, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாகத் தலையணையைச் சன்னலுக்கு வெளியே தட்டினேன். தோல் துணுக்குகள். பிறை மாதிரி ஒரு நகத்துண்டு. இவர் எழுவதற்குள் உறையையும் மாற்றியாயிற்று. வலது பெருவிரல் ஓரத்தில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. தூக்கத்தில் கடித்தது. நினைவே இல்லை.

வாடைக்காற்று. கடல் தெளிவு. இஞ்ஞாசி விடியுமுன் வள்ளத்துக்குப் போய்விட்டான்.

பள்ளிக்கூடம் இல்லாத முதல் திங்கள். வெள்ளிக்கிழமை மதர் கூப்பிட்டு, நான் திருத்திய பூகோள நோட்டு ஒன்றை மேசைமேல் விரித்தார். சிலோன் படத்தின் ஓரத்தில் என் பெருவிரல் அச்சு, ரத்தத்தில். பிள்ளையின் தகப்பனார் கொண்டுவந்து கொடுத்தாராம். "கையை ஆற்றிக்கொண்டு வாருங்கள், பிலோமினா டீச்சர். அவசரமில்லை." குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

நாற்பத்து மூன்று வயது. பி.ஏ. வாயில் விரல்.

சிறுவயதிலிருந்தே உள்ள பழக்கம்தான். ஆனால் இப்படிப் பிய்த்துத் தின்பது இஞ்ஞாசி கல்லூரியை விட்டுவிட்டுச் சங்கு குளிக்கப் போனதிலிருந்து. ஒரே பிள்ளை. பாளையங்கோட்டையில் படித்தவன், இப்போது சித்தப்பா வள்ளத்தில் குளியாள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகிறான். மூச்சு இருக்கும் மட்டும் கீழே. சங்கைப் பொறுக்கிக்கொண்டு கயிற்றை ஆட்டினால் மேலே இழுக்கிறார்கள். "புஸ்தகத்துல கடலப் படிச்சது போதும்மா" என்கிறான். அவன் கீழே இருக்கும் நேரமெல்லாம் என் விரல் வாயில்.

இன்றைய கை:
வலது பெருவிரல் - வெளி ஓரம் பிளவு.
வலது சுட்டுவிரல் - நகத்தடித் தோல் முழுவதும் போய்ச் சிவப்பு.
இடது மோதிரவிரல் - வீக்கம், நகச்சுற்றாக மாறலாம்.
இடது சுண்டுவிரல் - நகம் பாதிதான்.
மற்றவை சுமார்.

டாக்டர் சொன்னபடி வெந்நீரில் போரிக் பவுடர் கரைத்து ஊறவைத்தேன். எரிச்சல். மண்ணெண்ணெய் வரிசைக்கு வேலைக்காரி சந்தனம் போயிருக்கிறாள்.


பிப்ரவரி 6, புதன்

நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம் வாங்கிவரச் சொன்னேன். பால் மறக்கடிக்கத் தாய்மார் மார்பில் தடவுவது. அரைத்துப் பத்து விரலிலும் பூசினேன். பாகற்காயெல்லாம் இதன் பக்கத்தில் சர்க்கரை.

காலையில் பூசியதை மறந்துவிட்டு இடியாப்ப மாவு பிசைந்தேன்.

இவர் ஒரு வாய் வைத்ததும் என்னைப் பார்த்தார். "ஏளா, என்னத்தப் போட்டுப் பெசஞ்ச? கப்பலாபீசுல எனக்குப் பதில் வேற கிளார்க்கு பாத்தாச்சா?"

இஞ்ஞாசி பதினோரு மணிக்குத்தான் வருவான். அதற்குள் வேறு மாவு பிசையச் சொன்னேன் சந்தனத்தை. அவள் சிரித்து முடிக்கவே அரை மணி.

மாலைக்குள் கசப்பு பழகிவிட்டது. அதையும் சேர்த்துக் கடித்தேன். கசப்புக்காகவே கடித்தேனோ என்றுகூடத் தோன்றியது.


பிப்ரவரி 8, வெள்ளி

இடது மோதிரவிரல் நகச்சுற்றேதான். எலுமிச்சம்பழத்தின் முனையைக் குடைந்து விரலைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதுவது வலதுகையால், பஞ்சு சுற்றி. மேசைமேல் பாதி பின்னிய லேஸ். கைக்கு வேலை இருந்தால் வாய் சும்மா இருக்கும் என்று பார்த்தேன். நூலெல்லாம் செம்புள்ளி.

சந்தனம் மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கசப்பு, எண்ணெ, எலுமிச்சங்கா. எல்லாம் கையிக்குத்தான பாக்கிய? குத்தம் வாயில்லா. வாயக் கெட்டணும்."

"எப்படிக் கட்ட?"

"சுறா வாயவே கெட்டுத மனுசன் இருக்காரு. டீச்சரு வாயி எம்மாத்திரம்?"

கடல்கட்டியைச் சொல்கிறாள். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அவர் பாட்டனார் கரையில் நின்று மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டினால்தான் குளியாட்கள் தண்ணீரில் கால் வைப்பார்களாம். துரைமார்களே சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். முத்து இல்லாமல் போய் எத்தனையோ வருடம். இப்போது சங்கு வள்ளங்களுக்கு மட்டும் கட்டுகிறார். ஞாயிறு பூசைக்கும் தவறாமல் வருபவர். சாமியார் பிரசங்கத்தில் அவரைப் பார்த்துக்கொண்டேதான் மந்திரவாதத்தைத் திட்டுவார். அவரும் தலையாட்டிக்கொண்டே கேட்பார்.

நான் சிரித்தேன். இரவுச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னால், "வரச் சொல்லேன். வாயக் கெட்டுனா எனக்கும் கொஞ்சம் நிம்மதி" என்கிறார்.


பிப்ரவரி 11, திங்கள்

வந்தார். கரையில் வள்ளங்களுக்குக் கட்டிவிட்டு நேரே இங்கே. சூரியன் அப்போதுதான் எழும்பியிருந்தது. ஒல்லியான மனிதர். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு. கையில் கடல்தண்ணீர்ச் செம்பு.

கொல்லையில் உட்கார வைத்தார். என் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. "நல்லாத் தின்னிருக்கு" என்றார், வேறு யாரோ தின்றதுபோல. தகரத்தில் வெட்டிய மீன் ஒன்றை எடுத்து அதன் வாயில் கறுப்பு நூலைச் சுற்றினார். முணுமுணுப்பு. பாதி புரியவில்லை. நடுவில் மங்கள வார்த்தை ஜெபம் தெளிவாகக் கேட்டது. மீனைச் செம்பில் போட்டு, தண்ணீரைத் தொட்டு என் உதட்டில் தடவினார். உப்பு.

"கெட்டியாச்சு தாயீ. பொழுதடையக் கடல்வாய அவுக்கும்போது ஒங்க வாயையும் அவுத்துருவேன். நாளைக்கு விடிய மறுபடி வாரேன்."

"அவுக்கணுமா? எதுக்கு?"

"பசியாறணும்லா. சுறான்னாலும் வாய்தான, மனுசின்னாலும் வாய்தான. பகல்ல கெட்டு, ராத்திரி அவுப்பு. அவுக்காம விட்டா அந்தப் பசி சும்மா கெடக்காது. எரை தேடி எங்கனயாவது போயிரும்."

"ராத்திரிதான் எனக்கு மோசம், பெரியவரே. அவுக்க வேண்டாம். கெட்டு கெட்டாவே இருக்கட்டும்."

செம்பிலிருந்து மீனை எடுத்து வேட்டியில் துடைத்தார். "கடலுக்கு அப்பிடிச் செய்யதில்ல" என்றார்.

"நான் கடல் இல்லையே."

இவர் கொல்லை வாசலிலிருந்து சிரித்தார். நானும். பெரியவர் சிரிக்கவில்லை. "படிச்சவுங்க சொல்லுதிய" என்று தகர மீனை என் கையில் வைத்தார். "மனசு மாறுனா சொல்லி விடுங்க. நூல நீங்களா அவுத்தா ஒண்ணும் ஆவாது. கெட்டுன வாய்தான் சொல்லி அவுக்கணும்."

மீனை அலமாரியில் மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்தேன். பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவள்.


பிப்ரவரி 12, செவ்வாய்

எழுந்ததும் தலையணையைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

நாள் முழுவதும் கை வாய்க்குப் போகவே இல்லை. நினைத்துத் தடுக்கவில்லை. நினைவே வரவில்லை.


பிப்ரவரி 15, வெள்ளி

நகச்சுற்று உடைந்து வடிந்துவிட்டது. வலி இல்லை. காலை மாலை போரிக் தண்ணீர். துடைத்து, மஞ்சள் காய்ச்சிய தேங்காயெண்ணெய். படுக்கும்போது வேப்பெண்ணெய். குளித்த ஈரத்தோடு மெல்லிய துணியால் நகத்தடித் தோலைப் பின்னால் தள்ளிவிட வேண்டும், வெட்டக் கூடாது என்கிறார் டாக்டர். பிய்ந்து துருத்தி நிற்கும் தோல் நுனிகளைச் சின்னக் கத்தரியால் மட்டும். எல்லாம் செய்கிறேன். சமையல் செய்வதுபோல, வேறொருத்திக்குச் செய்வதுபோல.

சோதித்துப் பார்த்தேன். வேண்டுமென்றே சுட்டுவிரலை வாயில் வைத்தேன். பல் தோலைத் தொடும்வரை வருகிறது. பிறகு மூடவில்லை. முறுக்கைக் கடிக்க முடிகிறது. முருங்கைக்காயைச் சப்ப முடிகிறது. என் விரலில் மட்டும் தாடை நின்றுவிடுகிறது.

மனசின் வேலை. மனசை நம்பவைத்தால் உடம்பு கேட்கும் என்று கல்லூரியிலேயே படித்தோமே.

காலையில் எழும்போது வாயில் உப்பு. தண்ணீர் கொப்பளித்தாலும் சிறிது நேரம் போவதில்லை.


பிப்ரவரி 16, சனி

இஞ்ஞாசி சாப்பிடும்போது இடது கையை மடியிலேயே வைத்திருந்தான். பிடித்து இழுத்துப் பார்த்தேன். மோதிரவிரல். நகத்தின் ஓரத்தில் தோல் கிழிந்து சிவந்திருந்தது.

"என்னலே இது?"

"மீன் கொத்துச்சும்மா. சங்குக்குக் கை நீட்டும்போது சின்னதா ஏதோ. வலிக்கல."

"என்ன மீன்?"

"பாக்கல. தண்ணி தெளிவாத்தான் இருந்துது. ஒண்ணுத்தையும் காணல." பிறகு சிரித்தான். "ஒங்க வெரலு மாதிரியே ஆயிட்டு, பாருங்க."

போரிக் தண்ணீரில் அவன் விரலை ஊறவைத்தேன். என் பக்கத்தில் இருந்த அதே கிண்ணம்.


பிப்ரவரி 19, செவ்வாய்

கொண்டல் காற்று. துணி காயவில்லை. பால்காரர் தண்ணீர் கலக்கிறார், சொல்லிப் பயனில்லை.

இஞ்ஞாசியின் வலது சுட்டுவிரல். நகத்தடித் தோல் முழுவதும் இல்லை. இடது சுண்டுவிரல் நகம் பாதி.

நான் நாலாம் தேதி எழுதியதைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. என் கை எனக்குத் தெரியாதா?

கயிறு பிடிக்கிற ஆள் வாசலில் நின்று இவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "மத்த குளியாளு ஒருத்தரையும் தொடலியே அண்ணாச்சி. இவன் வெரலத்தான் தேடித் தேடி வருது. நேத்து மேல இழுக்கும்போது இவன் பின்னாலயே தண்ணி சுழிச்சுக்கிட்டு வந்துது. மீன் ஒண்ணும் இல்ல. வெறுந்தண்ணி."

"ஏதாவது குஞ்சு மீனா இருக்கும்வே" என்றார் இவர்.

என் மோதிரவிரலில் புதுத்தோல். குழந்தையின் தோல்போல இளஞ்சிவப்பு.


பிப்ரவரி 21, வியாழன்

எழுதிவிட வேண்டும். எழுதினால் இது வெறும் எழுத்தாக நிற்கும்.

காலை பத்து மணி இருக்கும். கூடத்தில் லேஸ் பின்னிக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். சந்தனம் அம்மியில் தேங்காய் அரைக்கும் சத்தம். திடீரென்று வாய் நிறைய உப்புத்தண்ணீர். ஊறியதல்ல, நிறைந்தது. முற்றத்துக்கு ஓடித் துப்பினேன். பல்லிடுக்கில் ஏதோ சிக்கியிருந்தது. நாக்கால் தள்ளி எடுத்தேன்.

தோல். ஓரத்தில் ஒரு துளி நகம். தடித்து, வெயிலில் கறுத்த தோல். என்னுடையதல்ல. என் பத்து விரலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முழுதாக இருந்தன. ஒரு கீறல் இல்லை.

"என்னம்மா, வாந்தியா?" என்றாள் சந்தனம். தலையசைத்தேன். தோலை மண்ணில் புதைத்தேன்.

வள்ளம் வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்டது. இஞ்ஞாசியின் வலது பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. அவிழ்த்துக் காட்டினான். வெளி ஓரம், எலும்பு தெரியுமளவுக்கு.

"இது சின்ன மீன் இல்ல" என்றான். முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் சிரிப்பு. "பல்லு வரிசை பதிஞ்சிருக்கு பாருங்கம்மா. மீன் பல்லு மாதிரியா இருக்கு?"

பார்க்கமாட்டேன் என்றேன். பார்த்தேன்.

டாக்டர் தையல் போட்டார்.

இவர் ஆபீசிலிருந்து வருவதற்குள் மாதா சுரூபத்துக்குப் பின்னாலிருந்து மீனை எடுத்து நூலை அவிழ்த்தேன். சுலபமாக வந்துவிட்டது. விரலை வாயில் வைத்தேன். தாடை பழையபடி நின்றது.


பிப்ரவரி 22, வெள்ளி

குதிரைவண்டி பிடித்துக் கடல்கட்டி வீட்டுக்குப் போனேன். ஓலை வீடு. கடல் பத்தடியில்.

அவர் மகள் வாசலில் வலை உலர்த்திக்கொண்டிருந்தாள். "அப்பாவப் பாக்கவா? பாருங்க. பேச்சுதான் இல்ல."

பத்து நாளாகிறதாம். நம் வீட்டுக்கு வந்துபோன மறுநாள் கரையில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே விழுந்திருக்கிறார். வாய் வலதுபக்கம் இழுத்துக்கொண்டது. கை கால் பரவாயில்லை. சொல் ஒன்றும் வரவில்லை. அன்றிலிருந்து கரையில் யாரும் கட்டுவதில்லை. வள்ளங்கள் சும்மாவே போகின்றன. நான் பயப்படுவேன் என்று இஞ்ஞாசி வீட்டில் சொல்லவே இல்லை. சுறா ஒன்றும் வரவில்லையாம்.

என்னைத் தெரிந்துகொண்டார். என் கையைப் பிடித்தார். ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தார். ஆறிப்போன பத்து விரல்கள். கண்ணில் தண்ணீர் வந்தது அவருக்கு.

"அவுத்துவிடுங்க, பெரியவரே. என் பிள்ளையத் தின்னுது."

வாயைத் திறந்தார். முயன்றார். ஒரு பக்க உதடு மட்டும் அசைந்தது. காற்று மட்டும் வந்தது. மகள் எச்சிலைத் துடைத்துவிட்டாள். அவர் தன் வாயைத் தொட்டுக் காட்டினார். பிறகு என் வாயை. பிறகு கையை நீட்டிக் கடலைக் காட்டினார்.

புரியாமல் என்ன? அன்று கொல்லையில் சொன்னதுதான். அவுக்காத பசி எரை தேடிப் போயிரும். அங்கே தண்ணீருக்குள் சுற்றுவது சுறா அல்ல, குஞ்சு மீனும் அல்ல. அது என்னுடையது. இத்தனை வருடம் என் விரலை உண்டு வளர்ந்தது. வேறு ருசி அதற்குத் தெரியாது. என் ரத்தம் உள்ள இன்னொரு கை அங்கே தினமும் இறங்குகிறது.

திரும்பும்போது வண்டிக்காரர் கேட்டார், "டீச்சரம்மா, ஆஸ்பத்திரிக்கு விடணுமா?" என் முகம் எப்படி இருந்ததோ, கண்ணாடி பார்க்க வேண்டும்போல் இருந்தது.


பிப்ரவரி 23, சனி

மதர் தாமே வந்தார், இன்னொரு கன்னியாஸ்திரியுடன். என் கைகளைத் தம் கைகளில் ஏந்திக்கொண்டார். "மாதாவின் கிருபை! யாருடைய கை என்று கேட்க வேண்டும்போல இருக்கிறது. திங்கட்கிழமை வந்துவிடுங்கள். நாலாம் பாரம் உங்களைத்தான் கேட்கிறது." காப்பி கொடுத்தேன். கோப்பையைப் பிடித்த என் விரல்களையே எல்லோரும் பார்த்தோம். நகங்கள் ஒரே அளவு. அடியில் வெள்ளைப் பிறைகூடத் தெரிகிறது. இருபது வருடமாக நான் பார்க்காத பிறை.

இஞ்ஞாசி இன்று போகவில்லை. தையல். நிம்மதி என்று நினைத்தேன்.

மாலையில் அவன் சித்தப்பா வந்து சொன்னார், திங்களன்று வெளிப் பாருக்குப் போகிறார்களாம். கடலுக்கடியில் பாறைத்திட்டு, கரையிலிருந்து தூரம், ஆழம் அதிகம், சங்கு நிறைய. "இஞ்ஞாசி வாரானா, இல்ல பெருவெரலப் பாத்து அழுதுகிட்டு கெடக்கானா?"

"வாரேன்" என்றான். எழுந்தே நின்றான்.

சாப்பிடும்போது கெஞ்சினேன். வேண்டாம்லே. இந்த ஒரு தடவை.

"அம்மா, நீங்க வெரலக் கடிக்காம இருக்கதப் பாத்து, பயம் போயிட்டுன்னு நெனச்சேன்."

இவரும் அவன் பக்கம். "நீ நல்லாயிட்டு வாரே. இப்பப் போயி மறுபடி ஆரம்பிக்காத ஏளா."

ஆரம்பிக்க முடிந்தால்தானே? கதவைச் சாத்திக்கொண்டு முயன்றேன். மோவாயைக் கையால் அழுத்தி மூடப் பார்த்தேன். பல் தோலில் படுகிறது. அதற்குமேல் வேறொருவர் வாய்போல. விரலில் ஒரு தடம்கூட இல்லை.


பிப்ரவரி 24, ஞாயிறு

பூசை. கடல்கட்டியை மகள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தாள். பிரசங்கத்தில் இன்று மந்திரவாதம் இல்லை, நோயாளிகளுக்காக ஜெபம். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் விலகிவிட்டேன். சாமியார் என்ன சொல்வார் என்பது தெரியும். அவர் சொல்லி முடிக்கும்போது வள்ளம் வெளிப் பாரில் இருக்கும்.

மீன் குழம்பு. இஞ்ஞாசி துணி சுற்றிய விரலை நீட்டிக்கொண்டே நாலு விரலால் பிசைந்து சாப்பிட்டான். சிறுவயதில் சாப்பிட்டதுபோல, சிந்திச் சிந்தி. இன்னும் கடிபடாத விரல்களை எண்ணினேன். பிறகு எண்ணுவதை நிறுத்தினேன். விரல் தீர்ந்தால் அது எங்கே போகும் என்று நினைப்பு ஓடியது.

சந்தனம் பள்ளிக்கூடத்துக்கு உடுத்த நீலப் புடவையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். இவர் புதுப் பேனா மை வாங்கிவந்து மேசைமேல் வைத்திருக்கிறார். வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். நல்ல மனிதர். நாளை அவருக்கு என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை.

வள்ளங்கள் புறப்படுவதற்கு முன்னால், வெளுக்கும்போது, கரைக்குப் போகிறேன். பூசைக்குப் போகிறேன் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். இடுப்பளவு தண்ணீர் போதும். இரண்டு கையையும் தண்ணீருக்குள் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தேடி அலைய வேண்டாம் அதற்கு. என்னைத் தெரிந்துகொள்ளும். பசியாறினால் திரும்பிப் போய்விடும், அல்லது என்னிடமே வந்துவிடும். எதுவானாலும் பாருக்குப் போகாது.

கையை இரண்டு முறை சோப்பு போட்டுக் கழுவிவிட்டேன். இன்று வேப்பெண்ணெய் தடவவில்லை. கசக்கக் கூடாது.